கலாபகோஸ்: கப்பலிலா, கரையிலா, இல்லை வேறு தீவா?

போன மாதம் டிக்கோயாவிலிருந்து மருமகன் ஒருவன் கூப்பிட்டான். "மாமா, கனடாவிலருந்து அக்கா காசு போடுறேங்கிறா. டிசம்பர் லீவுக்குக் கலாபகோஸ் போகலாம்னு இருக்கோம். கப்பல்ல சுத்துறதா, தீவுல ரூம் போட்டுத் தங்குறதா?" என்றான். கலாபகோஸ் என்பது தென் அமெரிக்காவின் ஈக்குவடோருக்குச் சொந்தமான, விலங்குகளுக்குப் பேர்போன தீவுகள். நான் பதில் சொல்லவில்லை. "உங்க வீட்டுல எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும்?" என்று கேட்டேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

அவனைக் குறை சொல்ல முடியாது. மலையில் பிறந்த நமக்கு ஆறு என்றால் பாறை. காசல்ரீ, மவுசாகலை என்றால் "அந்தப் பக்கம் போகாதே" என்று அம்மா மிரட்டும் இடம். கடல் என்பது வருடத்துக்கு ஒரு தடவை வேன் பிடித்துப் போய், முழங்கால்வரை நனைந்துவிட்டு, மீன் வாங்கிக்கொண்டு திரும்பும் இடம். ஸ்நோர்க்கல் கண்ணாடியைக் கண்ணிலும் மூக்கிலும் மாட்டி, மூச்சுக் குழாயை வாயில் கவ்விக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைப்பது நமக்குப் புது வித்தை.

இதே கேள்வியை பண்டாரவளை, பதுளைப் பக்கத்துக் குடும்பங்களும் கேட்டிருக்கின்றன. நான் கலாபகோஸில் தங்கையின் குடும்பத்தோடு ஒன்பது இரவு இருந்தேன்: நாலு இரவு கப்பலில், ஐந்து இரவு தீவில். கலாபகோஸுக்குப் பதிலாகப் போகக்கூடிய இரண்டு இடங்களையும் சேர்த்திருக்கிறேன். மொரீசியஸுக்கு ஒரு கல்யாணத்துக்காகப் போனேன். இந்தோனேசியாவின் கொமோடோவுக்கு நான் போனதில்லை. போய்வந்த நண்பனை உட்கார வைத்துக் கேட்டு எழுதுகிறேன்.

## எதை வைத்து முடிவு செய்வது

எல்லோரும் காசில் தொடங்குகிறார்கள். நான் தண்ணீரில் தொடங்கச் சொல்வேன்.

முதலாவது, உங்கள் குழுவில் ஆக பலவீனமானவர் தண்ணீரில் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிப்பார்? குளிர், ஆழம், நீரோட்டம் மூன்றும் இதில் அடங்கும். இரண்டாவது, படகு ஆடினால் வாந்தி எடுப்பவர் யார்? ஹட்டனிலிருந்து கினிகத்தேனை வளைவுகளில் இறங்கும்போதே பையைத் தேடுபவர் இருந்தால் அவரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, எந்த விலங்கைப் பார்க்காமல் திரும்பினால் வருத்தப்படுவீர்கள்? "எல்லாம்" என்பது பதில் அல்ல. நாலாவது, போக வர எத்தனை நாள் வழியிலேயே கழியும்? ஐந்தாவதாகத்தான் காசு. அதிலும் விளம்பரத்தில் போடாத காசு.

| | கலாபகோஸ், கப்பலில் | கலாபகோஸ், கரையில் தங்கி | கொமோடோ | மொரீசியஸ் |
|---|---|---|---|---|
| தண்ணீர் | குளிர், பெரும்பாலும் ஆழம் | குளிர், ஆழமற்ற இடமும் உண்டு | வெதுவெதுப்பு, இழுவை பலம் | வெதுவெதுப்பு, அமைதி |
| நீந்தத் தெரியாதவர் | கஷ்டம் | சமாளிக்கலாம் | வேண்டாம் | தாராளமாகப் போகலாம் |
| படகு ஆட்டம் | இரவு முழுக்க | தீவு மாறும்போது 2 மணி நேரம் | மிதமானது | கொஞ்சம் |
| விலங்குகள் | எல்லாவற்றிலும் அதிகம் | கிட்டத்தட்ட அவ்வளவும் | கொமோடோ உடும்பு, மந்தா திருக்கை | குறைவு |
| வழியில் போகும் நாட்கள், போக வர | 4 | 4 | 3 | 2 |
| செலவு | ஆகக் கூட | நடுத்தரம், கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் கையில் | குறைவு | உங்கள் ஹோட்டலைப் பொறுத்தது |

## கலாபகோஸ், கப்பலில்

ஈக்குவடோர் கரையிலிருந்து மேற்கே ஏறக்குறைய 1,000 கிலோமீற்றர் தள்ளி, கடலுக்கடியிலிருந்து எரிமலை கக்கிக் கக்கி எழுந்த தீவுக்கூட்டம் இது. பெரிய தீவுகள் 13. கிழக்கில் இருப்பவை கிழடு தட்டியவை. மேற்கே போகப் போக இளசு. மேற்குக் கோடியில் இருக்கும் பெர்னான்தினா 2024 மார்ச்சில்கூட நெருப்புக் கக்கியது. கப்பலுக்குக் காசு கொடுப்பதற்கு உண்மையான காரணம் இந்த மேற்குப் பக்கம்தான். பறக்க மறந்த நீர்க்காகம் உலகத்தில் பெர்னான்தினாவிலும் இசபெலாவின் வடக்கு, மேற்குக் கரைகளிலும் மட்டும்தான் இருக்கிறது. வடகிழக்கே ஹெனோவேசா தீவில் சிவப்புக்கால் பூபிப் பறவைகள் மரக்கிளையில் கூடு கட்டியிருக்கும். இந்த இரண்டு பக்கமும் கரையில் தங்குபவர்களுக்கு எட்டாது.

கப்பல் என்றால் டைட்டானிக் அல்ல. பெரும்பாலானவை 16 பேர் ஏறும் படகுகள். 100 பேருக்கு மேல் ஏற்றவே கூடாது என்பது அங்குள்ள சட்டம். இரவில் ஓடும், விடிந்தால் புதுத் தீவு. காலையில் ஒரு நடை, அப்புறம் ஒரு ஸ்நோர்க்கல், சாப்பாடு, திரும்பவும் ஒரு ஸ்நோர்க்கல், மாலையில் இன்னொரு நடை. பயிற்சி பெற்ற வழிகாட்டி கூடவே இருப்பார். இரண்டு மீற்றருக்குள் எந்த விலங்கையும் நெருங்கக்கூடாது. ஆனால் அந்தச் சட்டம் கடற்சிங்கக் குட்டிகளுக்குத் தெரியாது, அவை நம் மூக்குக் கண்ணாடிவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகின்றன.

சரி, எது கஷ்டம்? ரப்பர் படகின் விளிம்பிலிருந்து ஆழமான தண்ணீருக்குள் பின்பக்கமாகச் சரிய வேண்டும். காலுக்குக் கீழே தரை கிடையாது. என் தங்கை இரண்டாம் நாளே "நான் படகிலேயே இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். ஒரு நாளைக்கு 400, 500 டொலர் கட்டிவிட்டுப் படகில் உட்கார்ந்து மற்றவர்களின் துண்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் காட்சி எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இரவு ஆட்டம் வேறு. ஆகஸ்ட் முதல் ஒக்டோபர் வரை கடல் முரடு. இஞ்சிப் பிளேன்டீ கொஞ்சம் உதவும், முழுக்க உதவாது. படகின் நடுவில், கீழ்த்தட்டில் அறை கேளுங்கள்.

கப்பல் யாருக்கு: நன்றாக நீந்துபவர்கள், பறவைப் பைத்தியங்கள், லீவு குறைவாகவும் காசு அதிகமாகவும் உள்ளவர்கள். எங்கே சாப்பிடுவது, எந்தப் படகு பிடிப்பது என்று யோசிக்கவே பிடிக்காத பெரியவர்களும் இதில் சேர்த்தி, ஆனால் அவர்களுக்குக் கடல் ஒத்துக்கொள்ள வேண்டும்.

## கலாபகோஸ், கரையில் தங்கி

மக்கள் குடியிருக்கும் ஊர்கள் இங்கே உண்டு: சாந்தா குரூஸில் புவெர்ட்டோ அயோரா, சான் கிறிஸ்டோபலில் புவெர்ட்டோ பக்கேரிசோ மொரேனோ, இசபெலாவில் புவெர்ட்டோ வில்லமில். ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று இரவு தங்கி, பகல் பயணம் மட்டும் படகில் போய்வரலாம்.

காசு கொடுக்காமல் பார்த்தவற்றைச் சொல்கிறேன். மொரேனோவில் மாலையானால் கடற்கரை பெஞ்சில் கடற்சிங்கம் படுத்திருக்கும். அது எழும்பும்வரை நாம் நிற்க வேண்டும். அயோராவின் மீன் சந்தையில் ஒரு பக்கம் கூழைக்கடா, மறுபக்கம் கடற்சிங்கம், நடுவில் மீன் வெட்டும் அக்கா. நம்மூர்ச் சந்தையில் நாயும் காக்கையும் நிற்பது போலத்தான், என்ன, எடை கூட. டோர்ட்டுகா பே கடற்கரைக்கு ஊரிலிருந்து இரண்டரை கிலோமீற்றர் நடை. போனால் கடல் உடும்புகள் கரிக்கட்டை போல அடுக்கடுக்காகக் கிடக்கும். கடலுக்குள் போய்ப் பாசி மேயும் பல்லி இனம் உலகத்தில் இது ஒன்றுதான். மேய்ந்துவிட்டு வந்து மூக்கால் உப்பைத் தும்மித் தள்ளும். முதல் தடவை பார்த்தபோது என் மேல் துப்புகிறது என்றே நினைத்தேன்.

நீந்தத் தெரியாதவருக்கு இந்த வழியில்தான் நியாயம் கிடைக்கிறது. இசபெலாவில் கொன்ச்சா தே பெர்லா என்ற சின்னக் குடா, படகுத்துறைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. படியில் இறங்கி, பிடித்துக்கொண்டு, முகத்தை மட்டும் தண்ணீரில் வைத்துப் பழகலாம். பயம் தெளியாவிட்டால் ஏறி வந்துவிடலாம், யாரும் கேட்கமாட்டார்கள். கப்பலில் படகிலேயே உட்கார்ந்திருந்த அதே தங்கை, இங்கே மூன்றாம் நாள் ஒரு பச்சைக் கடலாமையோடு பத்து நிமிடம் மிதந்தாள்.

துணிந்தவர்களுக்கு இரண்டு பகல் பயணங்களைச் சொல்வேன். ஒன்று லொஸ் தூனெலஸ். எரிமலைக் குழம்பு கடலுக்குள் ஓடி உறைந்து, இடிந்து, வளைவு வளைவாக நிற்கும் இடம். வளைவின் அடியில் வெண்முனைச் சுறாக்கள் படுத்திருக்கும், கடல்குதிரையும் உண்டு. அடுத்தது சான் கிறிஸ்டோபலிலிருந்து போகும் கிக்கர் ரொக். கடலில் செங்குத்தாக நிற்கும் இரண்டு பாறைகள், நடுவில் ஆழமான ஒரு சந்து. அதில் சுத்தியல்தலைச் சுறா போகும். நீச்சல் உறுதியாகத் தெரியாவிட்டால் இரண்டாவதைத் தொடாதீர்கள். பென்குவின் பார்க்க ஆசை என்றால் இசபெலாவின் தின்தொரேராஸ் பக்கம் போதும். பூமத்திய ரேகைக்கு வடக்கேயும் இயற்கையாக வாழும் பென்குவின் இந்த இனம் மட்டும்தான்.

கெட்டது என்ன? தீவு மாறும் வேகப்படகு. இரண்டு மணி நேரம், மூன்று என்ஜின், அலைக்கு அலை தூக்கிப் போடும். முன்னால் உட்கார்ந்தால் முதுகெலும்பை எண்ணிப் பார்க்கலாம், பின்னாலேயே உட்காருங்கள். ஒரு வழிக்கு 30, 35 டொலர். பகல் பயணங்கள் ஒன்று 100 முதல் 250 டொலர்வரை. நாள்தோறும் ஒன்று போனால் கப்பல் காசுக்குப் பக்கத்தில் வந்துவிடும். நாளுக்கு நாள் மாற்றி, ஒரு நாள் படகு, ஒரு நாள் இலவசக் கடற்கரை என்று வைத்தால் பாதிக் காசில் முடியும். எங்களுக்கு அப்படித்தான் முடிந்தது.

## குளிர் பற்றி ஒரு வார்த்தை

பூமத்திய ரேகை என்றதும் வெந்நீர் என்று நினைக்க வேண்டாம். தெற்கிலிருந்து ஹம்போல்ட் நீரோட்டம் வருகிறது. ஜூன் முதல் நவம்பர் வரை தண்ணீர் 18 முதல் 23 பாகை. டிசம்பர் முதல் மே வரை 23 முதல் 27. பீலித் தண்ணீரில் மார்கழியிலும் குளித்து வளர்ந்தவன் நான், எனக்கென்ன என்று இறங்கினேன். பீலியில் நிற்பது ஐந்து நிமிடம், கடலில் மிதப்பது முக்கால் மணி நேரம். இருபதாவது நிமிடம் பல் தந்தி அடித்தது. குளிராடை (வெட்சூட்) வாடகைக்கு எடுங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். மிதக்கவும் உதவும்.

நம் பள்ளி லீவைப் பார்த்தால் டிசம்பரும் ஏப்ரலும் கலாபகோஸுக்குப் பொருத்தம். ஆகஸ்ட் என்றால் குளிரும் அலையும் சேர்ந்து வரும். ஆனால் குளிர்ந்த தண்ணீரில்தான் மீன் அதிகம், மீன் இருந்தால் பறவை அதிகம். அதை விரும்புபவர்களும் உண்டு.

## விளம்பரத்தில் இல்லாத செலவுகள்

கலாபகோஸ் பூங்கா நுழைவு 2024 ஆகஸ்ட் 1 முதல் வெளிநாட்டுப் பெரியவருக்கு 200 டொலர். அதற்கு முன் 100ஆக இருந்தது. டொலருக்கு 300 ரூபாய் வைத்தால் தலைக்கு 60,000. தீவுக்குப் போக வாங்கும் பயண அட்டைக்கு இன்னும் 20 டொலர். இசபெலாவில் இறங்கினால் படகுத்துறைக்கு 10. வேகப்படகில் ஏற ஒரு சின்னப் படகு, அதற்கும் ஒரு டொலர். கப்பலில் கடைசி நாள் பணியாளர்களுக்கு உறையில் டிப்ஸ் வைத்துக் கொடுப்பது வழக்கம், அது விலைப்பட்டியலில் இருக்காது.

நம்மவர் மாட்டிக்கொள்ளும் பெரிய குழி வேறு. இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் ஐரோப்பிய ஷெங்கன் நாட்டு விமான நிலையத்தில் விமானம் மாறுவதற்கே தனி விசா வேண்டும், வெளியே வராவிட்டாலும். அமெரிக்கா வழியாகப் போனாலும் விசா இல்லாமல் இறங்க முடியாது. கையில் செல்லுபடியாகும் அமெரிக்க, கனடா விசா இருந்தால் ஷெங்கன் வழியில் விலக்கு உண்டு. கனடா பாஸ்போர்ட் உள்ள தங்கைக்கு இதெல்லாம் தெரியாது. எனக்கு டிக்கட் போட்ட முகவரும் சொல்லவில்லை. புறப்பட ஒன்பது நாள் இருக்கும்போது தெரிந்து, திகதி மாற்றி, வழி மாற்றி, அந்தக் காசில் இசபெலாவில் இன்னும் நாலு நாள் தங்கியிருக்கலாம்.

அடுத்தது மஞ்சள் காய்ச்சல் ஊசி. ஈக்குவடோர் போன்ற நாட்டிலிருந்து இலங்கைக்குத் திரும்பும்போது அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள். பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் ஆன பிறகுதான் செல்லும். அறுபது வயதைத் தாண்டியவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும், அவர்களுக்கு அது சாதாரண ஊசி அல்ல.

தீவு விமானம் ஏறுமுன் பையைத் திறந்து பார்ப்பார்கள். பழம், விதை, செடி எதுவும் போகாது. கறிவேப்பிலைக் கொத்தையும் எலுமிச்சம்பழத்தையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். இந்தக் கெடுபிடிக்குப் பின்னால் நம் மலைக்குத் தெரிந்த ஒரு கதை இருக்கிறது. 1861இல் நுவரெலியாப் பக்கத்து ஹக்கலைத் தோட்டத்தைத் தொடங்கியதே, பட்டையிலிருந்து மலேரியா மருந்து எடுக்கும் சிங்கோனா மரத்தை வளர்க்கத்தான். கோப்பி நோயில் விழுந்து தேயிலை எழும்பும்வரை துரைமார் பலர் அந்தப் பட்டையை நம்பியிருந்தார்கள். சிங்கோனாவின் சொந்த ஊர் ஈக்குவடோர் பக்கத்து அந்தீஸ் மலை. அதைக் கலாபகோஸின் சாந்தா குரூஸ் மேட்டு நிலத்துக்கு 1940களில் கொண்டுபோனார்கள். இங்கே விலை விழுந்ததும் பிடுங்கிப் போட்ட மரம் அங்கே காடாகப் பரவி, உள்ளூர்ச் செடிகளை மூடிவிட்டது. ஆள் வைத்து வேரோடு பிடுங்கியும் தீரவில்லை.

இன்னொன்று: தலைநகர் கீட்டோ 2,850 மீற்றர் உயரம். பீதுருதாலகால மலையைவிட உயரம். நுவரெலியாக்காரருக்குக்கூட மூச்சு வாங்கும். வயதானவர்களோடு போனால் கடல் மட்டத்தில் இருக்கும் குவாயாகில் வழியாகப் போய், அங்கே ஓர் இரவு தூங்குங்கள். தீவு விமானம் அங்கிருந்தும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம்தான்.

## கொமோடோ

இந்தோனேசியாவின் புளோரஸ் தீவுப் பக்கம். கோலாலம்பூர் அல்லது சிங்கப்பூர், அங்கிருந்து பாலி, அங்கிருந்து லபுவான் பஜோ. இரண்டு மூன்று நாள் படகுப் பயணம், விலை கலாபகோஸ் கப்பலுக்குப் பக்கத்தில்கூட வராது. மூன்று மீற்றர்வரை வளரும் கொமோடோ உடும்பை வனக்காவலர் ஒருவர் கவைக்கொம்போடு கூட வந்து காட்டுவார். தண்ணீரில் மந்தா திருக்கை. ஏப்ரல் முதல் நவம்பர் வரை நல்ல காலம். ஆகஸ்ட் லீவுதான் கிடைக்கும் என்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் தீவுகளுக்கு நடுவில் கடல் ஆறு மாதிரி ஓடும். மந்தாவைப் பார்ப்பதே அந்த ஓட்டத்தில் விழுந்து மிதந்துகொண்டு போய்த்தான். என் நண்பன் நில்வளா கங்கையில் நீந்திப் பழகியவன், அவனே "முதல் நிமிஷம் பயந்துட்டேன்" என்றான். படகில் ஏறுமுன் ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். விலை மலிவான படகை முதலில் தள்ளுங்கள்.

## மொரீசியஸ்

எரிமலைத் தீவுதான், ஆனால் எப்போதோ அணைந்தது. குரேபிப் நகரில் எரிமலை வாயைச் சுற்றி வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். தீவைச் சுற்றிப் பவளத்திட்டு அணை போட்டது போல நிற்பதால் உள்ளே கடல் குளம் மாதிரி. புளூ பே பூங்காவில் இடுப்பளவு தண்ணீரில் நின்றே மீன் பார்க்கலாம். இறங்கப் பயமென்றால் கண்ணாடி அடித்தளப் படகு இருக்கிறது. மேற்குக் கரையில் காலையில் டொல்பின். டோடோ பறவை பதினேழாம் நூற்றாண்டோடு போய்விட்டது, மிச்சம் இருப்பவை இளஞ்சிவப்புப் புறாவும், 1974இல் நாலே நாலு என்ற நிலைக்கு வந்து தப்பித்த வல்லூறும்.

விலங்குக்காக மட்டும் என்றால் நான் இதைச் சொல்லமாட்டேன். ஆனால் பாட்டியையும் நாலு வயதுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போவதானால் வேறெதையும் சொல்லமாட்டேன். டுபாய் வழியாக ஒரே மாற்றத்தில் போய்விடலாம். ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கும், தைப்பூசத்துக்கு நாடே லீவு. புவா செரியில் தேயிலைத் தோட்டமும் இருக்கிறது. என்னோடு வந்த அத்தை அதை அரை நாள் சுற்றிப் பார்த்து, "கவ்வாத்து சரியா பண்ணல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வந்தார். அந்த அரை நாளை நீங்கள் கடலில் கழியுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை புயல் பயம் உண்டு.

## எதற்கும் முன்னால் புறாத் தீவு

எதைத் தேர்ந்தாலும் முதலில் நிலாவெளிக்குப் போங்கள். புறாத் தீவு எரிமலை அல்ல, ஆனால் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர், 2003 முதல் தேசியப் பூங்கா, பவளமும் கரும்முனைச் சுறாக்குட்டிகளும் உண்டு. மே முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதி. காலையில் முதல் படகைப் பிடியுங்கள், பத்து மணிக்கு மேல் மனிதத் தலைகள்தான் தெரியும். பவளத்தின் மேல் நிற்காதீர்கள். அங்கே அரை மணி நேரம் முகத்தை எடுக்காமல் மிதக்க முடிந்தவருக்குக் கலாபகோஸ் கரைப்பயணம் சரி. படகிலிருந்து ஆழத்தில் குதித்துத் திரும்பி ஏற முடிந்தவருக்குக் கப்பலும் சரி. இரண்டும் வேண்டாம் என்று தோன்றியவர் மொரீசியஸ் டிக்கட்டைப் பார்க்கலாம்.

மருமகன் ஆகஸ்டில் நிலாவெளியில் ரூம் போட்டுவிட்டான். கலாபகோஸ் டிசம்பரிலிருந்து ஏப்ரலுக்குத் தள்ளிப்போயிருக்கிறது, அதுவும் கரையில்தான். சின்னவள் இப்போதே கண்ணாடியை மாட்டிக்கொண்டு தண்ணீர் வாளிக்குள் தலையை விட்டு எண்ணுகிறாளாம். நேற்று இருபத்து மூன்று வரை போயிருக்கிறாள்.